அடைப்புக்குறிக்கு வெளியே

அன்பு மனைவிக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, விடைத்தாள் திருத்தித்தான் கண் எரிகிறது.

நேற்று ஒரு வேடிக்கை. கழித்தலில் அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை ஒன்றுதான் என்று ஒரு மாணவி எழுதியதற்கு, அசதியில் சரி போட்டுவிட்டேன். அவளே வந்து கேட்டாள்: "பத்துல அஞ்சு போய், அப்புறம் ரெண்டு போனா மூணு. அஞ்சுல ரெண்டு போன மீதியைப் பத்துல கழிச்சா ஏழு. எப்படி சார் ஒண்ணாகும்?" விஷயம் எங்கள் துறைப் பேராசிரியர் காதுக்கும் போனது; அவர் சிரித்ததோடு சரி. என் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

அலமாரியில் என் மூக்குக்கண்ணாடிக்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டு இருக்கும், படமெடுத்து அனுப்பு. பாப்பா தூக்கத்தில் உளறுவதையும் பதிவு செய்து அனுப்பு.

கூட்டலில் எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் ஒன்றுதான் என்று இன்றும் பாடம் நடத்த வேண்டும். அங்கே நீயும் பாப்பாவும் அடைப்புக்குறிக்குள்ளே, இங்கே நான் வெளியே. இதுவும் அதே விடைதான் என்று எழுதக் கை வரவில்லை.

மணி அடித்துவிட்டது.

பாப்பாவின் அப்பா