கன்னியர் மடத்துக் கஞ்சி

சனிக்கிழமை, தவக்காலம் மூன்றாம் வாரம். ஈப்போ.

இன்று அம்மாவைக் கன்னியர் மடத்துக்கு அழைத்துப் போனேன். முப்பது வருடம் அவள் சமைத்த அடுக்களையை இப்போது சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவளுடைய தவக்காலக் கஞ்சியும் நெத்திலிச் சம்பலும்தான் அங்கே விசேஷம். செய்முறை சொன்னது அம்மா. சுவரில் மாட்டுவதற்கான குறிப்பை எழுதிக் கொடுத்தது நான். கேட்டு வாங்கியவள், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிஸ்டர் ஸ்டெல்லா.

சுவரில் மாட்டியிருந்த பலகையில் அம்மாவின் பெயர் இல்லை. எல்லாம் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு மதரின் கைப்பக்குவமாம். நெத்திலிச் சம்பலுமா?

"டூரிஸ்ட்டுங்களுக்கு அந்தக் கதைதான் பிடிக்குது லா, லூசி. கோவிச்சிக்காத. வா, கஞ்சி குடி," என்றாள் ஸ்டெல்லா.

அதற்குள் அம்மா பலகைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் படித்த தமிழைத் தவிர அவளுக்கு வேறெதுவும் வாசிக்கத் தெரியாது. பலகை ஆங்கிலத்தில் இருந்தது.

"எம்பேரு எங்கடி போட்டுருக்கு? காட்டு."

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். நான் அந்த மதரின் பெயரைக் காட்டினேன்.

"இவ்வளவு பெருசாவா?" என்று அம்மா சிரித்தாள். மாதா சுரூபத்தைத் தொடுவதுபோல அந்த எழுத்துகளைத் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொண்டாள். பிறகு ஸ்டெல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும், சிஸ்டர்," என்றாள்.

ஸ்டெல்லாவை மன்னிக்க முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் விரல் வைத்துக் காட்டியது நான்.

அம்மாவுக்கு, நாளை பூசை முடிந்ததும் எதிர்வீட்டு மேரி டீச்சரைக் கூட்டிப் போய்ப் பலகையில் தன் பெயரைக் காட்ட வேண்டுமாம். டீச்சர் ஆங்கிலப் பாடம் நடத்தியவர்.