நோராவின் நிறம்

தொம்மலூர், பெங்களூர்
12-6-1960

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. கை வரவில்லை. நம் நோராவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள். நேற்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

நர்ஸ் ஜானகியம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “எவ்ளோ செவப்பா இருக்காளேன்னு ஊரே மெச்சுது சிஸ்டர்” என்றேன்.

“இது நெறம் இல்லம்மா, ரத்தம் இல்லாத வெளுப்பு. இன்னிக்கு வந்த இருபது பிள்ளைங்கள்ல பதிமூணுக்கு இதே கதை. நாடு பூரா இப்படித்தான்.”

வெறும் பாலில் வளர்த்தது போதுமாம். மருந்தோடு கேழ்வரகு, கீரை, ஈரல் எல்லாம் கொடுக்க வேண்டுமாம். நீங்களோ, கேழ்வரகு தின்றால் கறுத்துவிடுவாள், கண்ணிலும் காட்டாதே என்று சொல்லிவிட்டு ரயிலேறினீர்கள். பிலாய் உருக்காலையில் நீங்கள் இரும்பு காய்ச்சுகிறீர்கள். இங்கே உங்கள் மகள் உடம்பில் இரும்பு இல்லையாம். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் யூனிஸ்

பிலாய்
21-6-1960

அன்பு யூனிஸுக்கு,

அந்த நர்ஸைக் கண்ணாடி மாற்றச் சொல். நோராவின் போட்டோவைக் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் துரை வீட்டுக் குழந்தையா என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கரிமூட்டை என்றுதான் கூப்பிட்டார்கள், உனக்குத் தெரியும். அது அவளுக்கு வேண்டாம். மருந்து கொடு. கேழ்வரகு கூடாது.

சில்வெஸ்டர்

தொம்மலூர்
14-8-1960

அன்புள்ள அத்தானுக்கு,

கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் மாவு வாங்கிக் களி கிண்டிவிட்டேன். நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை துவண்டு கிடப்பதைப் பார்த்தது நான்தானே.

இப்போது லட்சுமம்மாவின் கோழிகளுக்கு நிம்மதி இல்லை. நோரா துரத்துகிறாள். போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே “களி வேணும்” என்று கத்தி, பாதிரி ஐயரையே சிரிக்க வைத்தாள். இமைக்குள் சிவப்பு ஏறியிருக்கிறது என்கிறார் ஜானகியம்மா.

நிறமா? வெளுப்பு போய், அசல் உங்கள் நிறம். நான் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட நிறம்தானே அத்தான்?

கடித ஓரத்தில் இருப்பது அவளுடைய களிக் கைத்தடம். துடைக்க விடவில்லை.

யூனிஸ்

பிலாய்
25-8-1960

யூனிஸ் கண்ணே,

கோபம் வந்தது. இரண்டாம் தரம் வாசித்தபோது அழுதுவிட்டேன்.

மாலையில் பக்கத்து லைன் மைக்கேல்ராஜின் பிள்ளைக்கு இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதமாய் வெளுத்திருந்தது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். களியில் எனக்கும் ஒரு பங்கு வை.

பழைய போட்டோவைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் உன் கடித ஓரத்தைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறேன். இது என்ன கறை என்று கேட்கிறார்கள்.

“என் மக” என்கிறேன்.

உன் சில்வெஸ்டர்