கிராபிக்ஸ் கார்டும் அம்மாவின் கையும்

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். உன் தங்கை குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறது, போன வாரம் என் மூக்குக்கண்ணாடியின் காலையே கடித்து வைத்துவிட்டது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு “பாத்துக்கலாம்” என்று போனவர்தான், அதோடு சரி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு பேச முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

அம்மாவிடம் தச்சுப்பட்டறை வேலை எப்படிப் போகிறது என்று நீ கேட்டால் “நல்லா போகுதுப்பா” என்று முடித்துவிடுவாள். நல்லாவும் போகவில்லை, ஒரு மண்ணும் இல்லை. பட்டறைக்காகச் சமையலறை அலமாரிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவாளே, நீ வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டியில் அந்தப் படம் ஆரம்பத்திலிருந்தே நொண்டிதான். பட்டறையில் புது சாஃப்ட்வேர் வந்த பிறகு படுத்தே விட்டது. ஒரு கதவின் நிறத்தை மாற்றினால் திரை அப்படியே நின்றுவிடும், அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் பட்டறை முதலாளி எல்லார் முன்னாலும், “அக்கா, உங்களுக்கு முடியலன்னா சொல்லிடுங்க, இந்த அடுக்குமாடி வேலைய வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்” என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் தெரியுமா, “எனக்குத்தாங்க கை வேகம் போயிடுச்சு, வயசாகுதுல்ல” என்றாள். மிஷின்தான் மக்கர் பண்ணுகிறது என்று நான் சொன்னதற்கு, “பையன் பாத்துப் பாத்து வாங்கினது, அதுல என்ன குறை இருக்கப்போகுது” என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

சரி, திரையில் படத்தை வேகமாக ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு நல்லதாக ஒன்று நாமே போட்டுவிடலாம் என்று, அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் புதுசு ஒன்றை வாங்கிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். முன்பக்கம் கண்ணாடியும் கலர் விளக்குமாகத் துணிக்கடை வாசல் மாதிரி மினுக்குகிற பெட்டி, பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினால் ஐயையோ. தலையணையைக் கிழித்தது போலத் தூசி, அதற்குள் காலை மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்த கரப்பான், காற்றாடியில் அதன் முட்டைக்கூடு வேறு. அந்தத் தகரமும் விரலால் அமுக்கினால் குழிகிறது. டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, புதுக் கார்டு நீளம், உள்ளே இடிக்கும், அதற்குக் கரண்டு கொடுக்க உபரியாக ஒரு வயர்கூட இல்லை என்றார் கடைக்காரர். பவர் சப்ளையையும் மாற்றிவிடுங்கள் என்றேன். சிரிக்கிறார் அந்த மனுஷன். “மாத்த முடியாது சார், இது இந்தக் கம்பெனிக்காரன் தனக்குன்னே செஞ்ச அளவு, பிளக்கும் அவனோடதுதான். அதை மாத்தினா மதர்போர்டு மாத்தணும், அப்புறம் பெட்டியையே மாத்தணும்” என்றார். மொத்தமாக வாங்கினவன் மொத்தமாகவே தூக்கிப் போடட்டும் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள், த்தூ. புதுக் கார்டையாவது எப்படி மாட்டுவது என்று காட்டுங்கள் என்றேன். அதன் ஓரத்தில் வரிசையாக இருந்த துளைகளிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் மூடியைப் பிடுங்கி, மானிட்டர் கேபிளை இங்கேதான் சொருக வேண்டும் என்று காட்டிவிட்டு மறுபடி மூடிவிட்டார்.

அம்மா பட்டறையிலிருந்து வருவதற்குள் பெட்டியைப் பழையபடி மாட்டிவிடலாம் என்று மேஜைக்கடியில் குனிந்தேன். பெட்டியின் பின்பக்கம், கீழ்வரிசையில், வாங்கும்போதே உள்ளே இருந்த பழைய கார்டிலும் அதே துளைகள், அதே கறுப்பு மூடிகள். ஒன்றைக்கூட யாரும் கழற்றியதில்லை. மேலே, கார்டோடு சேராத மதர்போர்டின் துளையில்தான் இத்தனை காலமும் மானிட்டர் கேபிள் இருந்திருக்கிறது. உள்ளே இருந்த கார்டு அந்தத் திரைக்காக ஒரு வேலையும் செய்யாமல் கரப்பானுக்கு வீடாக இருந்திருக்கிறது. நீ ஊருக்குக் கிளம்பின அன்று, வாசலில் டாக்ஸி ஹாரன் அடிக்க, அவசர அவசரமாக இதை மாட்டினாய். “இதெல்லாம் மூடி போட்டிருக்கு, வேற எதுக்கோ இருக்கும், திறக்க வேணாம்” என்று நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, ஃப்ரிட்ஜ் கதவில் கிழிக்காத ஸ்டிக்கர் என்று எங்களை எவ்வளவு கிண்டல் பண்ணுவாய், கடைசியில் நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று காட்டிவிட்டாயடா.

மூடியைப் பிடுங்கிக் கேபிளை மாற்றிச் சொருகினேன். அம்மா வந்து உட்கார்ந்தாள், சமையலறை சுற்றுகிறது, கதவு திறக்கிறது, நிறம் மாறுகிறது. “என்னங்க, புதுக் கார்டு பறக்குது” என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். புதுக் கார்டு பீரோவின் மேல் பழைய போர்வைக்குள் கிடக்கிறது. அடுக்குமாடி வேலையைச் சொன்ன நாளைக்கு முன்பே முடித்துவிட்டாள், முதலாளி பாராட்டியதற்கு, “கார்டு செஞ்சது, நான் என்ன செஞ்சேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து அந்தக் கம்பெனியைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நான் உண்மையைச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பாள். உன் தப்பு என்றால் பிள்ளைமேல் பழி போடுகிறேன் என்று என்னையே பிடித்துக்கொள்வாள். அதனால் நீதான் சொல்ல வேண்டும். மன்னிப்பு அது இது என்று இழுக்காதே, கேபிளைத் தப்பாகச் சொருகினது நான், அம்மா, உன் கையில் ஒரு நாளும் குறை இருந்ததில்லை என்று சொல், போதும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வெளிச் சாப்பாட்டைக் குறை, எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து இருக்க வேண்டும். பிடுங்கின கறுப்பு மூடியைக் காகிதத்தில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் பேசி முடிக்கிறவரை அதை உன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திரு. நேற்றுக்கூட அவள் படம் வரைந்து முடித்துவிட்டு விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா