நைனாவின் இதயமும் என் பட்டு வலையும்

ஜனவரி 19

தெருமுனையில் எனக்கு பேனர் வைத்திருக்கிறார்கள், நெசவாளர் சங்கத்து உபயம். மேலே முருகன், கீழே என் பத்தாம் வகுப்புப் படம், நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு சிவப்பு இதயம். ‘மாரடைப்பை வென்ற மங்கை சினேகா’. மானம் போகிறது. நான் இதுவரை வென்றது சில எலிகளைத்தான். அவற்றிலும் பாதி செத்துப்போயின.

ஆய்வகத்தில் பட்டுக்கூட்டை வேகவைத்துப் புரதத்தைப் பிரித்து, பஞ்சு மாதிரி மெல்லிய வலை செய்கிறோம். மாரடைப்பில் செத்துப்போன தசைமேல் ஒட்டினால், புது செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு வளர வேண்டும். வளர்ந்தபின் வலை கரைந்துவிட வேண்டும். ‘வேண்டும்’, அவ்வளவுதான். மனிதர்களுக்கு வர இன்னும் எத்தனை வருஷமோ.

“எலிக்குத்தான் நைனா,” என்றேன் அப்பாவிடம்.

“எலிக்கு ஆவறது மனுசனுக்கு ஆவாதா? சும்மா இரு பாப்பா.”

பேனரைப் போட்டோ எடுத்து பாஷா மாமாவுக்கு அனுப்பினார். எங்கள் விசைத்தறி மோட்டார்களுக்கு வைத்தியர் அவர்தான். நைனாவுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்.

பிப்ரவரி 3

புது வலை விரல் பட்டதும் பொடிந்துவிட்டது. வீடு திரும்பும் ரயிலில் உட்கார இடமில்லை. பசி.

பிப்ரவரி 11

நைனாவுக்கு மாரடைப்பு.

கை எழுதுகிறதா என்று பார்க்கத்தான் எழுதினேன். எழுதுகிறது.

பிப்ரவரி 12

சென்னை. ஆஸ்பத்திரி வராந்தா. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

“பஞ்சாட்சரம் கூட வந்தது யாரும்மா? வலி வந்த உடனே கூட்டினு வந்திருந்தா தசை பொழைச்சிருக்கும். முன்பக்கம் நிறைய போயிடுச்சு. பம்பிங் அறுபது சதவீதம் இருக்கணும், முப்பதுதான் இருக்கு,” என்றார் டாக்டர்.

சாயங்காலம் தறிக்கொட்டகையில் நைனா சரிந்தபோதுதான் அம்மா பார்த்தாளாம். டாக்டரோ, வலி காலையிலேயே தொடங்கியிருக்கும் என்கிறார். பகல் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார்?

வெளுத்துப்போன தசை, மெலிந்த சுவர் — தினமும் பார்க்கிறேனே. அது நைனாவின் நெஞ்சுக்குள்ளா? நைனாவுக்கா?

பிப்ரவரி 14

இன்று நன்றாகப் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

“காலையிலயே வலிச்சுது. தறியில பாவு நூல் முடியற நேரம், தறிய நிறுத்த மனசு வரல.”

“அம்மாகிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா கத்துவா. எனக்கு இன்னா பயம்? தசை போனா போவட்டும், நம்ம பாப்பா வளத்துடுவான்னு உக்காந்துகினு இருந்தேன்.” சிரித்தார். “எப்ப போடறே?”

எதிர்க் கட்டில்காரரிடம் வேறு, “பொண்ணு ஹார்ட்டுக்கே ஒட்டு போடறா,” என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஐயோ நைனா, இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்க? எலிக்கு, எலிக்குன்னு தலையால அடிச்சுகினேனே! என்னை நம்பியா உக்காந்துகினு இருந்தே? என்னையா?

பிப்ரவரி 15

“பாக்கலாம் நைனா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கோழை.

பிப்ரவரி 18

வீட்டுக்கு வந்தாயிற்று. வருகிற வழியில் பேனரைக் கிழித்துப் போட்டேன். சங்கத்துக்காரர்களுக்குக் கோபம், படட்டும்.

நைனாவிடம் சொல்லிவிட்டேன். என் வலை இன்னும் எலியைத் தாண்டவில்லை, உனக்குப் போட முடியாது என்று.

கேட்டார்: “அப்ப செத்தது செத்ததுதானா?”

“ஆமா நைனா. மாத்திரையில மிச்சத்தக் காப்பாத்திக்கலாம்.”

அம்மா கரண்டியோடு வந்தாள். “ஒரு பொய்யாவது சொல்லித் தொலைக்கக் கூடாதாடீ?”

நைனா சாப்பிடவில்லை. படுக்கப் போகுமுன், “எப்ப போயிருந்தா தப்பிச்சிருக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

“வலிச்ச உடனே. நேரம் ஆவ ஆவ தசை போயிகினே இருக்கும்.”

தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 9

நைனா என்னிடம் பேசுவதே இல்லை. குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்குகிறது. தறிச் சத்தத்தைக் கேட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆய்வகத்தில் எலியைத் தொடவே பிடிக்கவில்லை.

மார்ச் 27

மதியம் நைனாவிடமிருந்து போன். பின்னால் ஆட்டோ சத்தம். உயிரே போய்விட்டது.

“எனக்கில்ல பாப்பா, பாஷாவுக்கு. எந்த ஆஸ்பத்திரி? சீக்கிரம் சொல்லு!” பக்கத்தில் அடைப்பு எடுக்கிற வசதியுள்ள ஆஸ்பத்திரியைச் சொன்னேன்.

மோட்டார் மாட்ட வந்த பாஷா மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. தோள் வலிக்கிறது என்றிருக்கிறார். “கேஸ்தான்டா, ஒரு சோடா குடிச்சா போயிடும், மாட்டிட்டே வந்துடறேன்” என்றாராம். நைனா மெயினை அணைத்து எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு, அவரைத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். அந்த இதயத்தை வைத்துக்கொண்டு!

நான் போய்ச் சேர்வதற்குள் அடைப்பை எடுத்துவிட்டார்கள். தசைக்குச் சேதமே இல்லை என்றார் டாக்டர். என்னால் நம்ப முடியவில்லை, மறுபடி கேட்டேன். இல்லவே இல்லையாம்.

நைனா வராந்தா பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“உன்ன யாரு நைனா ஓடச் சொன்னது?” கத்திவிட்டேன். அழுகையும் வந்தது.

“வழியெல்லாம் திட்டிகினே வந்தான், மோட்டார் பாதியில கெடக்குதுன்னு.” கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “அவனுக்கு உன் வலை வேணாம், இல்ல?”

“வேணாம் நைனா.”

“நல்லது. வலைக்கு எனக்கு முன்னால வரிசையில ஒரு ஆளு கொறைஞ்சுது.”

எலிக்குத்தான் என்று இந்த முறை நான் சொல்லவில்லை.