பேழைக்கூடையை யார் பிடிப்பது

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி நவீன்குமாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். உடம்பைப் பற்றித்தான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை. மேலே இருக்கிற முதல் வரியை எழுதுவதற்குள் மூன்று தாள் கிழித்தாயிற்று. மகன் என்று வளர்த்த பிள்ளையை மகள் என்று வாயால் சொல்லவே எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது, கை இன்னும் பழகவில்லை. போனில் பேசலாம் என்றால் சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அம்மாவிடம் நீட்டிவிடுகிறேன், அதனால்தான் கடிதம். நான் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவேன், உனக்குத் தெரிந்ததுதானே, பொறுமையாகப் படி.

பட்டறையில் இரண்டு லாரிக்கு பாடி கட்டுகிற வேலை பாதியில் நிற்கிறது. எனக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. நேற்று இடப்பக்கக் கதவை வலப்பக்கம் மாட்டச் சொல்லி ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். தென்னைக்கு மோட்டார் போட்டுவிட்டு மறந்து தண்ணீர் ரோடு வரைக்கும் ஓடிவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இந்த மனுசன் ஊட்டுக்குள்ள நடந்தே தேஞ்சு போயிருவாரு என்கிறாள் உன் அம்மா. எல்லாம் நவீன் கல்யாணத்தால் வந்தது. பெண் நித்யஸ்ரீ, நாமகிரிப்பேட்டைப் பக்கம், அவள் அப்பா நவநீதகிருஷ்ணன் மஞ்சள் விவசாயம் செய்கிறவர், அதிகம் பேசாத மனுஷன். இதெல்லாம் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். சொல்லாதது ஒன்று இருக்கிறது, அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

நிச்சயத்தன்று சபையில் வைத்து, மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க என்று அவர் கேட்டார். கேட்பார் என்று தெரியும், பதிலும் தயாராக வைத்திருந்தேன். மூத்த பையன் புனேயில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று ஆறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிப் பழகிய பொய்தான். ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா, ஒரு பொண்ணுங்க, நவீனுக்கு மூத்தவ, புனேல இருக்கறா என்றது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நவீன் என்னையே பார்த்தான், உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்களுக்கோ ஒரே சந்தோஷம், அப்ப இணைச்சீருக்குச் சொந்த அக்காளே நிக்குமில்லீங்க என்றார்கள். நாத்தனாருக்குச் சேலை நானே இளம்பிள்ளைத் தறிக்காரங்ககிட்டப் போய் எடுப்பேன் என்று நித்யஸ்ரீ அங்கேயே சொல்லிவிட்டது.

இணைச்சீர் உனக்கு மறந்திருக்காது. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் சீர்ச்சாமான் வைத்த பேழைக்கூடையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும், சேலையின் ஒரு நுனி அவனிடம் இருக்கும், மறுநுனி அவளிடம். இன்னொருத்தி வந்தாலும் இவள் உரிமை போகாது என்று சபைக்குச் சொல்வதுதான் அந்தச் சீர். உனக்கு ஏழு வயதில் உன் சித்தப்பா கல்யாணத்தில் மாரக்காள் அத்தை கூடையோடு நின்றாள், நானும் பிடிக்கிறேன் என்று நீ ஓடிப்போய்ப் பிடித்தாய். ஆம்பளைப் பையன் அதைத் தொடக்கூடாது என்று சபையில் எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தேன். நீ அழவில்லை, கையை மட்டும் எடுக்கவே மாட்டேன் என்றாய், விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன். இதை எழுதும்போது என் கைதான் வலிக்கிறது.

நிச்சயம் முடிந்த மறுநாளே மாரக்காள் வந்துவிட்டாள். வாய் தவறிப் போச்சுன்னு சொல்லிப்போடு, நம்ம தீபிகாவ நிறுத்திக்கலாம், சித்தப்பன் மகளும் பொறந்தவதானே என்றாள். நான் சரி என்றேன். மறைக்காமல் எழுதுகிறேன் சாமி, சரி என்றுதான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த நவீன் பாதியில் எழுந்து, அக்கா நிக்கலீன்னா அந்த இடம் காலியாவே இருக்கட்டும்ப்பா, அவங்க ஊட்டுல நான் போய்ச் சொல்லிக்கறேன் என்றான். அவன் ஏன் போக வேண்டும், சபையில் வார்த்தையை விட்டவன் நான். கிளம்பினேன். ராசிபுரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் அதே டீக்கடை, அதே திரும்பல். மூன்றாம் நாள்தான் நவநீதகிருஷ்ணன் வீடு போய்ச் சேர்ந்தேன். டாக்டர்கள் சொல்கிற பெரிய வார்த்தையெல்லாம் எனக்கு வராது. பையன்னு வளத்தோமுங்க, அது பொண்ணுங்க, சின்னதுல இருந்து அது சொல்லிட்டேதான் இருந்துச்சு, நாந்தான் காதுல வாங்கலீங்க என்றேன். அவர் எழுந்து மஞ்சள் காட்டுக்குள் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, யோசிச்சுச் சொல்றனுங்க என்றார், அவ்வளவுதான்.

ஐந்து நாள் ஒரு தகவலும் இல்லை. நவீன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான், நான் பட்டறைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். நேற்றுக் காலை நவநீதகிருஷ்ணனும் அவர் பெண்சாதியும் வந்து இறங்கினார்கள், கையில் சேலை. எங்கப்பாகிட்ட இன்னும் சொல்லலீங்க, சொன்னா சத்தம் போடுவாரு, போடட்டும், பொண்ணுன்னு சொன்னீங்க, பொண்ணுக்குத்தான் சேலை எடுத்திருக்கறோம், உங்க பொண்ணு வருமான்னு மட்டும் சொல்லுங்க என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடுதாசி போட்டுக் கேக்கறனுங்க என்றேன்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை. ஆறு வருஷத்துக்கு முன் நீ சுடிதார் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். யாராவது பார்ப்பதற்குள் காரில் ஏற்றிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சேலம் ஜங்ஷனுக்கு ஓட்டினேன். அம்மாவ ஒருக்கா பாத்துட்டு வாரேன்ப்பா என்றுதான் கேட்டாய். நான் வண்டியை எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் பட்டறையில் சம்மட்டி அடிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவன் நான். உன்னிடம் சரியாக வேண்டியது ஒன்றுமே இல்லை என்று இப்போது தெரிகிறது. மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

நீ வந்தால் எல்லோரும் சிரித்த முகமாக வரவேற்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். மாரக்காள் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்கிறாள். சீர் நடத்துகிற அருமைக்காரரிடம் நாளைக்குத்தான் போய்ச் சொல்லப் போகிறேன், வழியில் டீ குடிக்காமல் போவேன். பேசுகிறவர்கள் பேசட்டும், நான் உன் பக்கத்தில் நிற்பேன். ரயிலில் கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடு, மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. ஜங்ஷனுக்கு நானே வருகிறேன், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டி வருகிறேன்.

குலசாமி உன்னை நல்லபடியாக வைத்திருக்கும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அந்தச் சேலையிலிருந்து ஜாக்கெட் துணியை வெட்டிக்கொண்டு அம்மா நேற்றே டெய்லரிடம் போனாள், அளவு கேட்டதும் பதில் தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள். பெத்தவளுக்கு மகளோட ஜாக்கெட் அளவு தெரியலியே என்று சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள். தைக்கப் பத்து நாள் வேண்டுமாம். பதில் எழுத உனக்கு மனசு வராவிட்டால் எழுத வேண்டாம், என்னிடம் பேச வேண்டாம், அளவை மட்டும் அனுப்பு. நீ வருகிறாய் என்று தெரிந்துகொள்வோம்.

உன் அப்பா
வேலுமணி