இடது பக்கத்து வயலின்

அன்பு மகன் சைலஸுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே ஆண்டர்சன்பேட்டையில் நானும் அம்மாவும் கர்த்தருடைய கிருபையிலும் பிரஷர் மாத்திரையிலும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பெர்த்தில் நீயும் சில்வியாவும் என் பேத்தி நிக்கோலும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். எழுத்து கோணலாக இருக்கும், வலது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பரவாயில்லப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய். முதலில் நீ அனுப்பிய மூன்று இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன், எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

நாதஸ்வரத் தட்டு முதல் தரம். கனமான தட்டு, முள் வைத்ததும் இரைச்சல் இல்லை, வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது வரைக்கும் கேட்கிறது, தவில்காரர் அடிக்கிற அடி நம் ஜன்னல் கம்பியில் வந்து நிற்கிறது. இந்த வருஷம் வந்ததில் இதுதான் என் கணக்கில் ஒன்றாம் நம்பர். சினிமாப் பாட்டுத் தட்டு சுத்த மோசம். ஆரஞ்சு கலரில் ஜெல்லி மிட்டாய் மாதிரி பளபளவென்று இருக்கிறது, பார்க்கத்தான் அழகு. கம்ப்யூட்டரில் இருந்ததை எடுத்து அப்படியே தட்டில் ஊற்றியிருக்கிறார்கள், பாடுகிறவர் குரலை பினாயில் போட்டுக் கழுவிவிட்டிருக்கிறார்கள். இனி அந்தக் கம்பெனி தட்டுக்குக் காசைக் கொட்டாதே. மூன்றாவது வயலின் தட்டு. நான் எண்பத்தாறில் பெங்களூரில் அலைந்து வாங்கிய அதே கச்சேரி, இப்போது புதிதாக அச்சடித்தது. கவரைப் பார்த்ததுமே குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எதற்கு இதை அனுப்பினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பழையதில் எல்லா வாத்தியமும் நடுவில் ஒன்றாக இருக்கும். புதியதில் ஸ்டீரியோ ஆக்குகிறேன் என்று வயலினை இடது பக்கமும் மிருதங்கத்தை வலது பக்கமும் பிய்த்து வைத்துவிட்டார்கள். நீ வாங்கிக் கொடுத்த ஹெட்போனில் கேட்டேன். என்ன தோன்றியதோ, இடது காதில் இருந்ததை விலக்கினேன். வயலின் அப்படியே போய்விட்டது. வெறும் மிருதங்கம் யாருக்கும் இல்லாமல் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. உனக்கு இந்தத் தட்டு இப்படித்தான் கேட்கும். ஹெட்போனைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஏசுபாதம் வந்தான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலையில் இருந்த அதே ஏசுபாதம்தான், மாசம் ஒரு ஞாயிறு தட்டு கேட்க வருவான். புதியதையும் பழையதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம் என்று பழைய தட்டை எடுத்தான். தட்டில் எந்தக் குறை வந்தாலும் தேதி போட்டு கவரில் எழுதி வைப்பது பேக்டரியிலிருந்தே எனக்குப் பழக்கம், உனக்குத் தெரியும். அதில் பிப்ரவரி 17, 1995, சைலஸ் கீறியது என்று இருந்தது. அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தான். இன்னாடா மாணிக்கம் இது, அன்னிக்கி தாண்டா சாம்பியன்ல ஏர் பிளாஸ்ட்டு, கீழ் லெவல்ல பாறை வெடிச்சி எங்க தம்பிய கேஜ் லிப்ட்ல மூட்டையா மேல கொண்டாந்தாங்க, பூமி ஆடுன ஆட்டத்துல எங்க ஊட்டு சாமான் பூரா கீழ, முள்ளு எகிறி தட்ட கீறிக்கிது, புள்ள இன்னா பண்ணான் என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து மூஞ்சியில் குத்தினேன். அவன் போய் பிளேயர் மேஜை முனையில் இடித்து விழுந்தான், புருவம் பிளந்து ரத்தம் நாதஸ்வரத் தட்டு மேலெல்லாம் தெறித்தது. கீழே கிடந்தவனை இன்னொன்று விட்டேன். கைத்தடியால் என் விரலில் போட்டான், அதனால்தான் நின்றேன், இல்லாவிட்டால் நின்றிருக்க மாட்டேன். அவனுக்கு எழுபத்தாறு வயசு, மார்ச்சளிக்காரன். புருவத்தில் ஐந்து தையல், ஒரு பல் போச்சு. அம்மா தினமும் சூப் வைத்துக்கொண்டு போகிறாள், என்னிடம் பேசுவதில்லை. நேற்று ஒன்று மட்டும் சொன்னாள். சைலஸுக்கு நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா என்று.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னைக் கேட்காமல் நீ தட்டைப் போட்டது உண்மை. நான் ஷிப்ட் முடிந்து ஐந்து மணிக்கு வந்தேன். நான் தொடலப்பா, பூமி ஆடிச்சிப்பா என்று நீ சொன்னாய். சுரங்கத்தால் அடிக்கடி பூமி ஆடுகிற நம் ஊரில் கப் உடைத்த பிள்ளையும் அதையேதான் சொல்லும். பேக்டரி பிரஸ் ஷாப்பில் மிஷின் அடிக்கிற அடியில் தரை எந்நேரமும் ஆடிக்கொண்டுதான் இருக்கும், எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பெல்ட்டால் அடித்தேன், கை ஓயாமல் கன்னத்தோடு சேர்த்து ஓங்கி அறைந்தேன், உன் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது, அன்றோடு அந்தக் காது கேட்காமல் போனது. பந்து பட்டது என்று டாக்டரிடம் அம்மாவைச் சொல்லவைத்தேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆறு மணிக்குள் ஏர் பிளாஸ்ட் செய்தி பேட்டை முழுக்க வந்துவிட்டது. ஏசுபாதம் புதிதாக எதையும் எனக்குச் சொல்லவில்லை. நீ பொய் சொல்லவில்லை என்பது அன்றைக்கு சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் கவரில் உன் பெயரை எழுதினேன். முப்பது வருஷம் அதை வாய் திறந்து சொன்னதில்லை, சொன்னவனைத்தான் அடித்தேன். இப்போது அந்தக் கவரில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் லீவில் நிக்கோலை ஒரு மாதம் எங்களிடம் விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். தாத்தா பிளேயரில் தானே முள் வைக்க வேண்டும் என்கிறாளாமே. போன வாரம் வரைக்கும் அதை நினைத்து நினைத்து சந்தோஷப்பட்டேன். அவளுக்கும் இப்போது பதினொரு வயசு, அன்றைக்கு உனக்கு இருந்த அதே வயசு. எனக்கு வயசாகி அடங்கிவிட்டது என்று நம்பின கை ஞாயிற்றுக்கிழமை தானாகவே எழுந்தது. மூன்று பேரும் வாருங்கள், அம்மாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும். வெயிலில் தொப்பி போடு, அந்தக் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்.

உன்னையும் சில்வியாவையும் பிள்ளையையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. வந்தாலும் நிக்கோலை என்னோடு தனியாக விடாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் விடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மாணிக்கராஜ்