நீ தனியாகத் தின்ற சத்துமா

சத்துமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேரும் வாசம் வந்தால் இப்போதும் எனக்கு உன்மேல்தான் எரிச்சல் வருகிறது. நீ மண்ணுக்குள் போயும் அது போகவில்லை. இன்று காலை மருமகளுக்காகப் பிசையும்போதும் அப்படித்தான்.

அடுத்தடுத்த லய வீடுகளில் இருந்த நாம் இருவரும் ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தோம். ஒரே தேயிலை மலையில் கொழுந்தெடுத்து, மழையில் ராகலை ரோட்டில் நடந்து, கிளினிக்கில் ஆளுக்கொரு சத்துமா பாக்கெட் வாங்கி வந்தோம். என் பாக்கெட் வாசலைத் தாண்டியதும் மாமியார் கைக்குப் போய்விட்டது. முதலில் ஆம்பளைகள், பிறகு வீட்டுப் பிள்ளைகள், கடைசியில் சட்டியை வழித்தது எனக்கு. லயத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், உன் வீட்டைத் தவிர.

நீயோ வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, லயமே பார்க்க, உருண்டை பிடித்துத் தனியாகத் தின்றாய். உன் புருஷன் வேறு பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். எல்லோரும் உன்னைத் தின்னிப் பண்டாரம் என்றார்கள். நானும் வாயாரச் சொன்னேன். வயிறு எரிந்தால் வாய் சும்மா இருக்குமா?

"என்னாடி மொறைக்கிற? இது வவுத்துப் புள்ளைக்குன்னு குடுத்தது. ஊருக்கெல்லாம் பங்கு வைக்க இது என்னா கோயில் பொங்கலா?" என்றாய்.

உன் மகள் கொழுகொழுவென்று பிறந்தாள். என் மகனைத் தராசில் போட்ட மிட்வைஃப் மிஸ், முள்ளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மாவைக் கொடுத்த அரசாங்கம் அது யார் வாய்க்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாமியார் முன்னால் நான் என்னத்தைச் சொல்லியிருப்பேன்?

இப்போது முழுகாமல் இருக்கும் மருமகளுக்கு இரத்தம் குறைவாம். விற்கிற விலையில் முட்டையும் கருவாடும் எங்கள் அடுப்புப் பக்கம் வருவதில்லை. கொஞ்சகாலம் வராமலே இருந்த சத்துமாவும் இப்போதுதான் மறுபடி வந்திருக்கிறது. பிசைந்து முடிப்பதற்குள் மகன் வந்து கை நீட்டினான். வயிற்றிலேயே பங்கு குறைந்தவன், இன்றும் ஒல்லிதான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கம்மா."

"அது அவளுக்கு. நீ போயி தேத்தண்ணியக் குடி."

மருமகளை இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுத்தேன். "நீங்களும் ஒண்ணு எடுங்க அத்த" என்றாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, அவள் கடைசி உருண்டையைத் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன். யாரும் பங்குக்கு வந்துவிடக் கூடாதே என்றுதான் நின்றேன். ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள்மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.